இறகு நிறை வீரர் பாரி மக்குவிகன்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியரிடமிருந்து சங்க இலக்கியம் பற்றியோ ஈழத்துப் புலவர் ஒருவர் பற்றியோ ஏதேனும் வருமென்றே அவர்கள் எண்ணியிருப்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் லிங்கநகரில் ஒரு மாலைப்பொழுது நிகழ்ந்த சிறு உரையாடல் நம்மை வேறு வழியில் இழுத்துச் சென்றுவிட்டது.

நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் வீட்டு வளவில் நிற்கும் வேப்பமரத்தில் மணல் நிரப்பிய சாக்கொன்றைத் தொங்கவிட்டு, கைகளிற் பழந்துணி சுற்றிக்கொண்டு, அதனைக் குத்திக்கொண்டிருந்தான். மெலிந்த உடல், விரைந்த கால்கள். நம்மைக் கண்டதும் கூச்சத்துடன் நிறுத்தினான். பின்னர், "சேர், இந்தச் சண்டையிலே காசு உழைக்கலாமோ?" என்று கேட்டான். படலையருகே நின்ற அவன் தாயாரும் நமது விடையைக் காத்திருப்பது தெரிந்தது. இலக்கணத்தில் ஐயம் கேட்டால் உடனே விடை கூறலாம். இதற்கு ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். அந்த ஒரு வாரத்தில் நாம் படித்தவையும், முன்னரே அறிந்தவையுமே இக்கட்டுரை.

கைப்போர் தமிழாசிரியருக்குப் புறம்பான பொருளன்று. புறநானூற்றின் எண்பதாவது பாட்டு, சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்று நின்ற காட்சியைப் பாடுவது, பாடியவர் சாத்தந்தையார். மகன் பொருதும் அக்காட்சியை அவன் தந்தை தித்தன் காணவேண்டும் என்று அப்புலவர் விழைகிறார். இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். தந்தையொருவர் மேடையேறி நின்ற காட்சி பின்னரும் வரும்.

குத்துச்சண்டையில் வீரரை நிறைக்கேற்பப் பிரித்து மோதவிடுவது அடிப்படை விதி. பத்து இறாத்தல் கூடுதலாகவுள்ளவனின் குத்து, திறமை ஒத்திருப்பினும், வேறொரு குத்தாகிவிடும். 'பெதர்வெயிற்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இறகு நிறைப் பிரிவின் உச்சவரம்பு தொழில்முறைக் குத்துச்சண்டையில் 126 இறாத்தல். அமெச்சூர் போட்டிகளில் 57 கிலோ. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. நம் மக்களின் உடலமைப்புக்கு இயல்பாகப் பொருந்தும் நிறையும் இதுவே. 1938ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தவர் பார்னி ஹென்றிகஸ்; அவர் வென்றது இறகு நிறைப் பிரிவிலேயே. அக்காலத்திலிருந்து நமது நாட்டில் இவ்விளையாட்டு பெரும்பாலும் பாடசாலைகளிலும் கழகங்களிலும் பொலிஸ், படைத்துறை அணிகளிலும் வளர்ந்து வந்துள்ளது. நமது துறைமுகத்தை 1957ஆம் ஆண்டுவரை தம்வசம் வைத்திருந்த பிரித்தானியக் கடற்படையினருக்கும் குத்துச்சண்டை பழகிய விளையாட்டு.

ஹென்றிகஸ் நடந்தது அமெச்சூர் பாதை. பதக்கமும் புகழும் உண்டு, பரிசுப்பணம் இல்லை. மாணவன் கேட்டதோ காசைப் பற்றி. அதற்கு விடை கூற, இரு பாதையிலும் நடந்த ஒருவரின் வரலாறு வேண்டும். ஹென்றிகஸ் வென்ற அதே விளையாட்டு விழாத் தொடரில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பொதுநலவாய விளையாட்டு விழா எனப் பெயர் மாறிய காலத்தில், பொற்பதக்கம் வென்று, பின்னர் தொழில்முறையில் உலகப் பட்டம் வரை சென்றவர் பாரி மக்குவிகன் என்னும் அயர்லாந்து வீரர். அவரை நாம் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

மக்குவிகன் 1961ஆம் ஆண்டு மாசி மாதம் குளோனிஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். எழுத்தைப் பார்த்துக் 'குளோன்ஸ்' என்று படித்தால் ஊரார் சிரிப்பர். அது அயர்லாந்துக் குடியரசின் எல்லையோரத்தில் உள்ளது. எல்லையைத் தாண்டினால் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்து. அவர் சிறுவனாயிருந்த காலத்தில் அவ்வெல்லையில் படைவீரரின் சோதனைச் சாவடிகளும், இரவில் குண்டோசையும், மறுநாள் மரண ஊர்வலமும் வழக்கமாயிருந்தன. கத்தோலிக்கர் ஒருபுறம், புரட்டஸ்தாந்தர் மறுபுறம் என்று ஊர்கள் பிளவுண்டு கிடந்தன. சோதனைச் சாவடி என்றால் என்ன என்பதைத் திருகோணமலை வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் குளோனிஸில் பலசரக்குக் கடை நடத்தினர். தந்தையார் பாட் பாடகருமாவார். 1968ஆம் ஆண்டு ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் அயர்லாந்தின் சார்பிற் பாடியவர்.

எல்லையின் இருபுறத்துக் கழகங்களிலும் பயின்ற மக்குவிகன், 1978ஆம் ஆண்டு கனடாவின் எட்மன்டன் நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில் வட அயர்லாந்தின் சார்பிற் போட்டியிட்டு, இறகு நிறைக்கு அடுத்துக் கீழுள்ள 'பன்ரம்' பிரிவிற் பொற்பதக்கம் வென்றார். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் பப்புவா நியூகினியின் துமாத் சொகோலிக். வென்றவருக்கு அப்போது வயது பதினேழு. பதக்க மேடையில் அவர் அழுதார். இரண்டு ஆண்டுகளில் உடல் வளர்ந்து இறகு நிறைக்கு வந்துவிட்டார். 1980ஆம் ஆண்டு மொஸ்கோ ஒலிம்பிக்கில், இம்முறை அயர்லாந்தின் சார்பில், அப்பிரிவிற் போட்டியிட்டார். முதற் போட்டியில் வென்றார்; அடுத்ததில் சாம்பியா நாட்டு வீரரிடம் தோற்றார். அத்துடன் அமெச்சூர் வாழ்க்கை முடிந்தது. 1981ஆம் ஆண்டு மே மாதம் டப்ளின் நகரில் முதன்முறையாகப் பணத்துக்காகச் சண்டையிட்டார். பெல்பாஸ்ட் நகரின் பந்தயத் தொழிலதிபர் பார்னி ஈஸ்ட்வுட் அவருடைய முகாமையாளரானார்.

இவ்விடத்திற் சற்று நின்று, இரு களங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறவேண்டும். மேடை ஒன்றே, கயிறுகள் ஒன்றே, நிறையும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் இவை இரு வேறு விளையாட்டுகள் என்றே நாம் கருதுகிறோம். அமெச்சூர் போட்டி மும்மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்றுகள். மொத்தம் ஒன்பது நிமிடம். அந்நேரத்துள் தெளிவான குத்துகளைக் கணக்கில் ஏற்றிக்கொண்டு விலகுவோனே வெல்வான். விரைவும் எட்டமும் நேர்க்குத்தும் அங்கே மதிப்புடையவை. எதிராளி சற்றுத் தள்ளாடினாலும் மத்தியஸ்தர் தலையிடுவார். தொழில்முறையில் உலகப் பட்டத்துக்கான போட்டி அக்காலத்திற் பதினைந்து சுற்றுகள், நாற்பத்தைந்து நிமிடம். அங்கே குத்துகளை எண்ணுவதைவிட எதிராளியை உள்ளிருந்து வற்றச் செய்வதே பெரிது. முதற் சுற்றுகளில் விலாவில் விழும் குத்துக்கு உடனே பலன் தெரியாது. பத்தாவது சுற்றில் அவனுடைய கைகள் தாழும், கால்கள் கனக்கும். அப்போதுதான் முன்னர் விதைத்தது விளையும்.

மக்குவிகன் இயல்பாகவே இத்தகைய விதைப்பாளர். இடக்கையை வளைத்து எதிராளியின் வலப்புற விலாவின்கீழ், ஈரல் இருக்கும் இடத்திற் குத்துவது அவருடைய சிறப்பு. ஈரலில் விழும் குத்து ஒருவனை மயக்குவதில்லை. அறிவு தெளிவாயிருக்கும்போதே உடல் மடிந்து போகும். ஓயாது முன்னேறி நெருங்குவதும், நெருங்கியபின் விடாது குத்துவதும் அவருடைய முறை. ஒன்பது நிமிடப் போட்டியில் அரைகுறையாய் விளங்கிய இத்திறன் நீண்ட போட்டிகளில் முழுமையாய் வெளிப்பட்டது. மூன்றாவது தொழில்முறைப் போட்டியிலேயே பீற்றர் யூபாங்க்ஸ் என்பவரிடம் புள்ளிகளால் தோற்றார் என்பது உண்மை. ஆயின் அவ்வாண்டு முடிவதற்குள் அவரையே மீண்டும் சந்தித்து வென்றார்.

இனிக் கூறவேண்டியது கடினமான பகுதி. 1982ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் திகதி, இலண்டனில் விருந்துண்டபடியே செல்வர் கண்டுகளிக்கும் கழகமொன்றின் நிகழ்ச்சியில், 'யங் அலி' என்னும் பெயருடன் போட்டியிட்ட நைஜீரிய இளைஞர் ஒருவர் மக்குவிகனை எதிர்த்தார். ஆறாவது சுற்றில் அவர் விழுந்தார். பின்னர் நினைவிழந்தார். மருத்துவமனையில் மாதக்கணக்காக நினைவற்றே கிடந்து, அவ்வாண்டின் இறுதியில், சொந்த நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட நிலையில் இறந்தார். அப்போது அவருடைய மனைவி கருவுற்றிருந்தார். மக்குவிகனின் மனைவியும் கருவுற்றிருந்தார்.

முறைகேடு எதுவும் நடவாத போட்டி அது. விதிப்படியே குத்துகள் விழுந்தன, விதிப்படியே நிறுத்தப்பட்டது. இதனைக் கூறுவதனால் அச்சம் குறைவதில்லை, கூடுகிறது. மூளை மண்டையோட்டினுள் இறுகப் பொருத்தப்பட்ட பொருளன்று. தலை திடீரென்று திரும்பும்போது மூளை சற்றுப் பிந்தித் திரும்புகிறது. அதன் மேற்பரப்பையும் உறையையும் இணைக்கும் சிறு நாளங்கள் அப்போது கிழியலாம். கசியும் இரத்தம் வெளியே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் காயத்தைவிட இதுவே கொடியது. நிறை குறைப்பதற்காக நீர் அருந்தாது உடலை வற்றவிட்டு மேடையேறுவோருக்கு ஆபத்து இன்னும் மிகுதி என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். மாணவர் சிலர், "ஒரு கிலோதானே, ஒரு நாள் தண்ணீர் குடியாவிட்டாற் போதும்" என்று சொல்வதை நாமே கேட்டிருக்கிறோம். அவர்கள் இவ்வரிகளை இருமுறை படிப்பார்களாக.

மக்குவிகன் தொழிலையே கைவிடலாமா என்று எண்ணினார். சில மாதம் ஒதுங்கியிருந்தார். பின்னர் திரும்பி வந்தார். வந்தது சரியா என்று நம்மைக் கேட்டால், நாம் தீர்ப்புக் கூறமாட்டோம். மனைவியும் பிறக்கவிருந்த பிள்ளையும் உடைய இருபத்தொரு வயது இளைஞன் வேறு தொழில் அறியான் என்பதை மட்டும் சொல்லுவோம்.

1983ஆம் ஆண்டு பிரித்தானிய இறகு நிறைப் பட்டத்தையும், அவ்வாண்டின் இறுதியில் வலேரியோ நாதி என்னும் இத்தாலியரை வென்று ஐரோப்பியப் பட்டத்தையும் பெற்றார். முன்னைய பட்டத்துக்குப் போட்டியிடப் பிரித்தானியக் குடியுரிமை வேண்டும். அதனை அவர் பெற்றுக்கொண்டபோது தம்மவரிற் சிலர் அவரைத் துரோகி என்றனர். அவரோ எந்த நாட்டுக் கொடியையும் மேடைக்குக் கொண்டுவரவில்லை. புறாவின் உருவம் பொறித்த சமாதானக் கொடியையே கொண்டுவந்தார். தேசிய கீதம் பாடவேண்டிய இடத்தில் அவர் தந்தையார் பாட் மேடையேறி, இரு சாராரும் தமதென்று கொண்டாடும் 'டானி போய்' என்னும் நாட்டுப்பாடலைப் பாடினார். மணமும் இவ்வாறே: கத்தோலிக்கரான அவர் மணந்தது தம்மூரைச் சேர்ந்த புரட்டஸ்தாந்தப் பெண்ணொருவரை. பெல்பாஸ்டின் கிங்ஸ் ஹோல் மண்டபத்தில் அவர் மோதிய இரவுகளில், வெளியே ஒருவர் தெருவில் மற்றவர் நடக்க அஞ்சிய இரு சாராரும் அருகருகே அமர்ந்து ஒரே பெயரைக் கூவினர். "சண்டையை மக்குவிகனிடம் விட்டுவிடுங்கள்" என்னும் வாசகம் அக்காலத்தில் அங்கே பரவியிருந்தது. மறுநாட் காலையில் குண்டுகள் வெடிக்காமல் இருந்துவிடவில்லை. இரவில் ஒன்றாக அமர்ந்ததும் பொய்யன்று.

1985ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் திகதி, இலண்டன் லொப்டஸ் றோட் உதைபந்தாட்ட மைதானத்தில், இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில், உலக குத்துச்சண்டைச் சங்கத்தின் சம்பியன் யூசேபியோ பெட்ரோசாவை எதிர்த்தார். பனாமா நாட்டவரான பெட்ரோசா 1978 முதல் அப்பட்டத்தை வைத்திருந்தவர். பத்தொன்பது முறை அதனைக் காத்தவர். உயரமும் நீண்ட கைகளும் படைத்தவர். மத்தியஸ்தரின் கண்ணுக்கு எட்டாத சிறு தந்திரங்களிலும் வல்லவர். முதற் சுற்றுகளில் அவர் நேர்க்குத்துகளால் இளையவரை எட்டத்தில் நிறுத்தினார். மக்குவிகன் பொறுமையுடன் விலாவிற் குத்திக்கொண்டே நெருங்கினார். ஏழாவது சுற்றில் வலக்கைக் குத்தொன்று தாடையில் விழ, பெட்ரோசா தரையிற் சாய்ந்தார். எழுந்தார்; பதினைந்து சுற்றும் நின்றார். அதுவே சம்பியனின் இயல்பு. நடுவர் மூவரும் ஒருமுகமாக மக்குவிகனுக்கே வெற்றி கூறினர்.

கூச்சலுக்கிடையே ஒலிவாங்கியை நீட்டியபோது அவர் இளம் அலியை நினைவுகூர்ந்தார். தம்முடன் பொருது இறந்த அவ்விளைஞர் ஒரு சாதாரண வீரனிடமன்றி, உலக சம்பியன் ஒருவரிடமே தோற்றார் என்று இனி உலகம் சொல்லும் என்ற கருத்துப்பட, குரல் தழுதழுக்கப் பேசினார். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரராகப் பி.பி.சி. நேயர்கள் அவரையே தெரிந்தெடுத்தனர்.

பட்டம் ஓராண்டே தங்கியது. இருமுறை அதனைக் காத்தபின், 1986ஆம் ஆண்டு யூன் 23ஆம் திகதி, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் திறந்தவெளி அரங்கொன்றில், கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாக அமர்த்தப்பட்ட ஸ்டீவ் குறூஸ் என்னும் இளைஞரைச் சந்தித்தார். குறூஸ் டெக்சாஸ் மாநிலத்தில் குழாய் பொருத்தும் தொழில் செய்தவர். அந்நகரம் பாலைவனத்தின் நடுவே உள்ளது. வெப்பம் பரனைட் அளவில் நூறு பாகையைக் கடந்திருந்தது. கச்சான் வீசும் ஆனி மாத நண்பகலில் நமது கல்லூரி மைதானத்தில் நின்றவர்கள் அதனை ஓரளவு உணர்வர். ஆயின் நாம் அங்கே நாற்பத்தைந்து நிமிடம் ஒருவனுடன் அடிபட்டதில்லை. குளிர்நாட்டவரான மக்குவிகன் பத்தாவது சுற்றில் ஒருமுறை விழுந்தார். ஆயினும் போட்டி சமநிலைக்கு அண்மையாகவே சென்றது. பதினைந்தாவது சுற்றில் இருமுறை விழுந்தார். அந்த இறுதிச் சுற்றே முடிவைத் தீர்த்தது. மிகச் சில புள்ளிகளாற் பட்டம் கைமாறியது. நீர் வற்றிய உடலுடன் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர்.

பதினைந்து என்னும் அவ்வெண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1982ஆம் ஆண்டு கார்த்திகையில், அதே லாஸ் வேகாஸில், கிம் டுக்கூ என்னும் கொரிய வீரர் பதினான்காவது சுற்றில் விழுந்து சில நாட்களில் இறந்தார். அதன்பின் உலக குத்துச்சண்டைப் பேரவை சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தது. மக்குவிகனின் பட்டத்துக்குரிய சங்கமோ மேலும் சில ஆண்டுகள் பதினைந்தையே வைத்திருந்து பின்னரே குறைத்தது. ஒருவர் பட்டம் இழப்பதும் காப்பதும் மட்டுமன்றி, உயிருடன் வீடு திரும்புவதும் அலுவலகமொன்றில் எழுதப்படும் ஓர் எண்ணில் தங்கியிருந்தது.

1987ஆம் ஆண்டு தந்தையார் பாட் காலமானார். முகாமையாளருடன் ஏற்பட்ட பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. 1988இல் மீண்டும் மேடையேறி மூன்று போட்டிகளில் வென்றார். 1989ஆம் ஆண்டு மே மாதம் மான்செஸ்டரில், கண்ணருகே வெட்டுண்டு நான்காவது சுற்றில் தோற்றதும் ஓய்வு பெற்றார். மொத்தம் முப்பத்தைந்து போட்டிகள், முப்பத்திரண்டு வெற்றி, அவற்றுள் இருபத்தெட்டு எதிராளியை முழுச் சுற்றும் நிற்கவிடாத வெற்றி, மூன்று தோல்வி. பின்னாளில் அவர் செய்தவற்றுள் நமக்குப் பெரிதாகத் தோன்றுவது, 1993ஆம் ஆண்டு தொழில்முறை வீரருக்கென ஒரு சங்கம் அமைக்க முன்னின்றமை. பணம் கிடைப்பது ஒன்று. அப்பணம் குத்து வாங்கியவனின் கையில் எஞ்சுவது வேறொன்று என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவர் அவர். பெல்பாஸ்டின் புரட்டஸ்தாந்தப் பகுதியிலிருந்து வந்த கார்ல் பிராம்டன் என்பவரைப் பயிற்றும் குழுவை நடத்தி, 2016ஆம் ஆண்டு அதே சங்கத்தின் இறகு நிறைப் பட்டத்தை அவர் வெல்லத் துணைநின்றார். அவ்வுறவும் அடுத்த ஆண்டிலேயே முறிந்தது.

தவணை முடிந்து மீண்டும் லிங்கநகருக்குச் சென்று, இவற்றையெல்லாம் மாணவனுக்கும் தாயாருக்கும் கூறினோம். காசு உண்டு, மிகச் சிலருக்கு உண்டு, அதற்குக் கொடுக்கும் விலை முன்கூட்டி எழுதப்படுவதில்லை என்றோம். மூன்று சுற்றுப் போட்டி, தகுந்த பயிற்றுநர், மருத்துவர் பார்வை, நிறைக்காகப் பட்டினி கிடவாமை ஆகிய எல்லைக்குள் பயில்வதாயின் நமக்கு மறுப்பில்லை என்றும், நம் நாட்டில் நல்ல அமெச்சூர் வீரருக்குப் பொலிஸிலோ படையணியிலோ இடம் கிடைப்பதுண்டு என்றும் சொன்னோம். அதற்கு அப்பால் உள்ள பாதைக்கு நாம் வழிகாட்டமாட்டோம்.

மாணவன் பெட்ரோசா விழுந்த ஏழாவது சுற்றைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டான். தாயார் இளம் அலியின் மனைவியைப் பற்றி மட்டும் கேட்டார். இப்போது கழகமொன்றிற் சேர்வதற்கான படிவம் நிரப்பப்பட்டுவிட்டது. பெற்றோர் ஒப்பமிடவேண்டிய இடத்தைத் தாயார் இன்னும் வெறுமையாகவே வைத்திருக்கிறார்.